பழைய பல்சுவை இதழ்களைச் சேகரிக்கத் தொடங்குவது எப்படி?

பல்சுவை இதழ்களின் பொற்காலம் 1930களின் நடுவில் தொடங்கி 1970களின் தொடக்கத்தில் முடிந்தது. அமெரிக்காவில் ‘லைஃப்’ 1936 நவம்பர் 23 தேதியிட்ட இதழோடு படச்செய்தி வார இதழாக வெளிவரத் தொடங்கியது. அடுத்த ஆண்டு ‘லுக்’ வந்தது. இவற்றுக்கு வெகு முன்பிருந்தே ‘சாட்டர்டே ஈவினிங் போஸ்ட்’டும் ‘காலியர்ஸ்’ இதழும் வீடு வீடாகப் போய்க்கொண்டிருந்தன. பிரிட்டனில் 1938 அக்டோபரில் தொடங்கிய ‘பிக்சர் போஸ்ட்’ சில மாதங்களுக்குள் வாரம் பத்து லட்சம் பிரதிகளைத் தாண்டியது. பிரான்சில் 1949இல் ‘பாரி மாட்ச்’ பிறந்தது. தொலைக்காட்சி வந்து வாசகரின் நேரத்தையும் விளம்பரப் பணத்தையும் பறித்துக்கொண்டபின் ‘காலியர்ஸ்’ 1957 ஜனவரியிலும், ‘பிக்சர் போஸ்ட்’ அதே ஆண்டின் நடுவிலும், ‘சாட்டர்டே ஈவினிங் போஸ்ட்’ (சுருக்கமாக ‘போஸ்ட்’) அன்றைய வடிவில் 1969இலும், ‘லுக்’ 1971இலும், வார இதழாக இருந்த ‘லைஃப்’ 1972 டிசம்பரிலும் நின்றன. அரசியல், அறிவியல், சிறுகதை, சினிமா, சமையல், நகைச்சுவைச் சித்திரம், மோட்டார் கார் விளம்பரம் என்று ஒரு குடும்பத்தின் ஒரு வாரத்துக்கு வேண்டிய அனைத்தையும் ஒரே அட்டைக்குள் அடக்கிய இதழ்கள் இவை.

இவற்றைச் சேகரிக்க நினைக்கும் புதியவர் பழமைக்கும் புகழுக்கும் மயங்காமல் பக்கம் எதுவும் குறையாத முழுமையைப் பார்த்து வாங்க வேண்டும் என்பதே என் முதல் ஆலோசனை. மற்ற எல்லா அறிவுரைகளும் இதிலிருந்தே கிளைக்கின்றன.

பழையது என்பதால் அரியது ஆகிவிடாது

அறுபது, எழுபது ஆண்டு பழமையான ஓர் இதழைக் கையில் எடுத்ததும் அது கிடைத்தற்கரிய பொருள் என்ற எண்ணம் எவருக்கும் வருவது இயல்பு. ஆனால் இவ்விதழ்கள் வாரந்தோறும் பல லட்சக்கணக்கில் அச்சானவை. 1952 செப்டம்பர் 1 தேதியிட்ட ‘லைஃப்’ இதழ் ஹெமிங்வேயின் ‘கிழவனும் கடலும்’ குறுநாவலை முழுமையாக வெளியிட்டபோது இரண்டே நாளில் ஐம்பது லட்சத்துக்கும் மேற்பட்ட பிரதிகள் விற்றன. இலக்கிய வரலாற்றில் அந்த இதழுக்கு நிலையான இடம் உண்டு. ஆயினும் அதைத் தேடி வாங்குவது கடினமான வேலையே இல்லை.

இன்னொரு விசித்திரமும் உண்டு. வரலாற்று முக்கியத்துவம் வாய்ந்தது என்று அன்றே மக்கள் உணர்ந்த இதழ்களைத்தான் அவர்கள் பெட்டியில் பூட்டி வைத்தார்கள். கென்னடி கொலையுண்டபோது வந்த 1963 நவம்பர் 29 தேதியிட்ட ‘லைஃப்’, நிலவில் மனிதன் இறங்கிய 1969இன் சிறப்பிதழ்கள் போன்றவை இன்று எங்கும் மலிந்து கிடப்பதற்கு இதுவே காரணம். யாரும் எடுத்துவைக்க நினைக்காத ஒரு சாதாரண வாரத்து இதழ், அதுவும் கிழியாமல் கறைபடாமல் இருப்பது, சில வேளைகளில் இவற்றைவிட அரிது. ஆனால் அரியதாக இருந்தும் அதைக் கேட்பாரில்லை என்றால் விலை ஏறாது. எனவே, முதலீடாக நினைத்து இத்துறைக்குள் வருபவர் வேறு துறை பார்த்துக்கொள்வது நல்லது.

விலை ஏறும் இதழ்களில் பெரும்பாலானவற்றுக்குப் பின்னால் வேறொரு சேகரிப்பாளர் கூட்டம் நிற்கும். மர்லின் மன்றோ முதன்முதலாக ‘லைஃப்’ அட்டையில் தோன்றிய 1952 ஏப்ரல் 7 இதழைச் சினிமா ரசிகர்களும் தேடுகிறார்கள். பேஸ்பால் வீரர்கள் மிக்கி மான்டில், ராஜர் மாரிஸ் ஆகியோரின் படச் சேகரிப்பு அட்டைகள் உள்ளே இணைக்கப்பட்டிருந்த 1962 ஏப்ரல் 13 இதழை விளையாட்டு அட்டை சேகரிப்பவர்களும் தேடுகிறார்கள். பின்னதில் அந்த அட்டைத்தாள் உருவப்பட்ட பிரதிகளே பெரும்பாலும் கண்ணில் படும் என்பதை முன்கூட்டியே தெரிந்துகொள்ள வேண்டும்.

முதல் வேலை: ஓர் எல்லை வகுத்துக்கொள்வது

வார இதழாக வந்த ‘லைஃப்’ மட்டுமே ஆயிரத்து எண்ணூறுக்கும் மேற்பட்ட இதழ்கள். ஒவ்வொன்றும் ஏறத்தாழ 14 அங்குல உயரமும் பத்தரை அங்குல அகலமும் உடையது; சாதாரணப் புத்தக அலமாரியில் அடங்காது. எல்லாவற்றையும் சேர்ப்போம் என்று கிளம்பினால் இரண்டாம் ஆண்டிலேயே வீட்டில் நடக்க இடம் இருக்காது. ஆகவே, வாங்கத் தொடங்கும் முன்பே எதைச் சேர்ப்பது என்பதைவிட எதை விடுவது என்பதை முடிவு செய்துகொள்ள வேண்டும்.

ஒரே ஆண்டின் இதழ்கள், ஒரு குறிப்பிட்ட ஓவியரின் அட்டைகள், ஒரு புகைப்படக் கலைஞரின் படக் கட்டுரைகள், தாம் பிறந்த வாரத்தில் வெளியான வெவ்வேறு இதழ்கள் என்று எல்லை எப்படியும் அமையலாம். நார்மன் ராக்வெல் 1916 முதல் 1963 வரை ‘போஸ்ட்’ இதழுக்கு முந்நூற்றிருபதுக்கும் மேற்பட்ட அட்டைகள் வரைந்தார். அதைப் பிடித்தால் வாழ்நாள் முழுக்கத் தேடலாம். புதியவருக்கு நான் பரிந்துரைப்பது, முடிவு கண்ணுக்குத் தெரியும் ஒரு சிறு தொகுப்பு. விண்வெளிப் பயணம் பற்றி ராக்கெட் விஞ்ஞானி வெர்னர் ஃபான் பிரவுன் உள்ளிட்டோர் எழுத, செஸ்லி போன்ஸ்டெல் முதலியோர் ஓவியம் தீட்ட, ‘காலியர்ஸ்’ 1952 மார்ச் 22 முதல் 1954 ஏப்ரல் 30 வரை வெளியிட்ட தொடர் எட்டு இதழ்களில் முடிந்துவிடுகிறது. ராக்வெல்லின் ‘நான்கு சுதந்திரங்கள்’ ஓவியங்கள் 1943 பிப்ரவரி 20, 27, மார்ச் 6, 13 ஆகிய தேதிகளில் வந்த நான்கு ‘போஸ்ட்’ இதழ்களில் இருக்கின்றன. இத்தகைய சிறு தொகுப்பொன்றை நிறைவு செய்யும்போது பிரதியைச் சோதிப்பது, விலை பேசுவது, பாதுகாப்பது ஆகிய மூன்றும் கைவந்துவிடும்.

தேடும் இதழை அடையாளம் காண்பது

நமக்கு வேண்டிய படம் எந்தத் தேதி இதழில், எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்பதை வாங்கும் முன்பே உறுதி செய்துகொள்ள வேண்டும். புகழ்பெற்ற படங்கள் அட்டையில்தான் இருக்கும் என்பது பரவலான தவறான எண்ணம். மேற்சொன்ன நான்கு ஓவியங்களும் உள்பக்கங்களில் உள்ளவை; போர் முடிந்த நாளில் நியூ யார்க்கின் டைம்ஸ் ஸ்கொயரில் மாலுமி ஒருவர் வெள்ளுடைப் பெண்ணை முத்தமிடும், புகைப்படக் கலைஞர் ஐசன்ஸ்டாட்டின் படமும் 1945 ஆகஸ்ட் 27 ‘லைஃப்’ இதழின் உள்ளேதான் இருக்கிறது. அட்டையில் அச்சான தேதிக்குச் சில நாட்கள் முன்னதாகவே இதழ் கடைக்கு வந்துவிடும் என்பதையும் நினைவில் கொள்ளுங்கள். ஒரு நிகழ்ச்சி நடந்த தேதியை வைத்து இதழின் தேதியைக் கணக்கிடும்போது ஒரு வாரம், சில வேளை இரண்டு வாரம் தள்ளிப் பார்க்க வேண்டியிருக்கும்.

‘லைஃப்’ வார இதழ்கள் ‘கூகுள் புக்ஸ்’ தளத்தில் முழுப் பக்கங்களாகக் கட்டணமின்றிப் படிக்கக் கிடைக்கின்றன. பக்க எண்ணைச் சரிபார்க்கவும், கையில் உள்ள பிரதியில் எது குறைகிறது என்று கண்டுபிடிக்கவும் இதைவிடச் சிறந்த துணை இல்லை. ஆனால் ஓர் எச்சரிக்கை: 1950களின் இறுதியிலிருந்து பெரிய இதழ்கள் பிராந்தியத்துக்கு ஏற்ப விளம்பரங்களை மாற்றத் தொடங்கின. ஒரே தேதியிட்ட இரு பிரதிகளில் விளம்பரப் பக்கங்கள் வேறுபடலாம். 64ஏ, 64பி என்று எழுத்தொட்டிய பக்க எண்களும் வரலாம். அவற்றைக் கண்டு பக்கம் தவறிவிட்டதாகப் பதற வேண்டாம். இரு வாரங்களுக்கு ஒரு முறை வந்த ‘லைஃப்’ சர்வதேசப் பதிப்பு அமெரிக்க வார இதழிலிருந்து வேறானது. விற்பவர் அதைக் குறிப்பிடாமல் விட்டுவிடுவது உண்டு என்பதால் கேட்டுத் தெளிவு பெறுங்கள்.

பிரதியைச் சோதிப்பது

இதழைச் சேகரிப்பவருக்குப் பரம எதிரி கத்தரிக்கோல். பல்லாண்டுகளாக வியாபாரிகள் பலர் பழைய இதழ்களை வாங்கிப் பிரித்து, கார் விளம்பரத்தையும் குளிர்பான விளம்பரத்தையும் தனித்தனியாகச் சட்டமிட்டு விற்று வருகிறார்கள். பிரித்து விற்றால் முழு இதழைவிடக் கூடுதல் பணம் கிடைக்கிறது என்பது அவர்கள் கணக்கு. அதனால் அழியும் ஒவ்வொரு இதழும் திரும்ப வராது என்பது நம் கணக்கு. விளம்பரம் வெட்டப்பட்ட இதழைத் தள்ளிவைக்க இதுவும் ஒரு காரணம்: 1950களில் ஒரு குடும்பம் எதை வாங்க ஆசைப்பட்டது என்பதை ஆசிரியர் குழு எழுதியதைவிட விளம்பரங்களே தெளிவாகச் சொல்கின்றன.

சோதனையை இப்படிச் செய்யலாம். இதழை மேசைமீது படுக்கவைத்து, அட்டையைத் திறக்கும் முன் முதுகுப் பகுதியைப் பாருங்கள். பெரிய அளவு இதழ்கள் தாள்களை மடித்து நடுவில் கம்பிப் பின் அடிக்கப்பட்டவை. மேல் பின்னும் கீழ்ப் பின்னும் அட்டையைப் பிடித்துக்கொண்டிருக்கின்றனவா, துருப்பிடித்துத் தாளை அரித்திருக்கின்றனவா என்று கவனியுங்கள். பிறகு நடுப்பக்கத்தைத் திறந்து, கம்பிப் பின் வளைந்து முடியும் இடத்தில் தாள் இறுக்கமாக இருக்கிறதா என்று பாருங்கள். நடுத்தாள்தான் மிக எளிதாகக் கழன்று விழுவது, விழுந்தால் மீதிப் பக்கங்கள் ஒழுங்காக இருப்பதுபோலவே தோற்றம் தருவது.

அதன்பின் ஒவ்வொரு தாளாகப் புரட்டுங்கள். மடித்து அடித்த இதழில் முன்பாதியில் உள்ள ஒவ்வொரு தாளும் பின்பாதியில் உள்ள ஒரு தாளோடு ஒட்டிய ஒரே காகிதம். நூறு பக்க இதழ் ஒன்றில் 9, 10ஆம் பக்கங்கள் உள்ள தாளின் மறுபாதி 91, 92ஆம் பக்கங்கள் உள்ள தாள். யாரேனும் 9ஆம் பக்கத்தை ஒட்ட வெட்டி எடுத்திருந்தால் 91ஆம் பக்கம் பிடிமானம் இழந்து தளர்ந்து நிற்கும். ஆகவே, பின்பாதியில் ஒரு தாள் காரணமின்றி ஆடினால், இதழின் மொத்தப் பக்க எண்ணிக்கையோடு ஒன்றைக் கூட்டி, அதிலிருந்து அந்தப் பக்க எண்ணைக் கழித்துப் பாருங்கள். குற்றம் நடந்த இடம் தெரிந்துவிடும். வெட்டியவர் திறமைசாலியாக இருந்தால் மடிப்பின் ஓரத்தில் ஓர் இழை அகலத்துக்குத் தாள் துண்டு மிஞ்சியிருக்கும். விரல் நுனியை மடிப்பின் உள்ளே மெல்ல ஓட்டினால் கண்ணுக்குத் தப்பியதும் கைக்குப் புலப்படும்.

விளம்பரங்களின் மூலையில் இருக்கும் கூப்பன்கள் வெட்டப்பட்டிருக்கின்றனவா, குறுக்கெழுத்துக் கட்டங்கள் நிரப்பப்பட்டிருக்கின்றனவா என்பதையும் பார்க்க வேண்டும். கூப்பன் வெட்டப்பட்ட ஓட்டை தாளின் மறுபக்கத்துக் கட்டுரையையும் தின்றிருக்கும். அட்டையின் கீழ்ப்பகுதியில் ஒட்டிய சந்தாதாரர் முகவரிச் சீட்டைப் பலர் குறையாகக் கருதுகிறார்கள். சீட்டில்லாத கடைப் பிரதிக்குக் கூடுதல் விலை சொல்வதும் வழக்கம். என்னைப் பொறுத்தவரை சீட்டு இருப்பது பெருங்குறை இல்லை; அதை உரிக்கப் போய் அட்டையின் மேல்தோல் கிழிந்ததே பெருங்குறை. இதற்கு நேர்மாறாக, கடைப் பிரதியில் மட்டுமே இருந்த ஒன்றுக்கு மதிப்பு கூடுவதும் உண்டு. ஹிரோஷிமா பற்றிய ஜான் ஹெர்சியின் நீண்ட கட்டுரைக்கே முழு இதழையும் ஒதுக்கிய 1946 ஆகஸ்ட் 31 ‘நியூ யார்க்கர்’ இதழின் அட்டையில் பூங்காவில் பொழுதுபோக்கும் மக்களின் சித்திரம் மட்டுமே இருந்தது. உள்ளே இருப்பது என்ன என்று எச்சரிக்கும் வெள்ளைத் தாள் பட்டையொன்று கடைப் பிரதிகளின்மீது சுற்றப்பட்டிருந்தது. வாங்கியவர்கள் பட்டையைக் கழற்றி எறிந்துவிட்டதால், பட்டையோடு கிடைக்கும் பிரதி மிக அரிது.

கடைசியாக, முகர்ந்து பாருங்கள். பழைய காகிதத்தின் உலர்ந்த மணம் வேறு, பூஞ்சையின் முக்கல் வாடை வேறு. பளபளப்பான பூச்சுத்தாளில் அச்சான இதழ் ஒரு முறை நனைந்து காய்ந்துவிட்டால் பக்கங்கள் ஒன்றோடொன்று இறுகி ஒட்டிக்கொள்ளும். பிரித்தால் படம் மறுபக்கத்தோடு போய்விடும். அத்தகைய பிரதியை இலவசமாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

வாங்கும்போது

பழைய புத்தகக் கடை, இணைய ஏலத் தளம், வீடு காலி செய்யும் விற்பனை, நூலகங்கள் கழிக்கும் தொகுதிகள் என்று வழிகள் பல. விற்பவர்கள் ‘மின்ட்’, ‘ஃபைன்’, ‘வெரி குட்’, ‘குட்’ என்று தரம் குறிப்பார்கள். ‘குட்’ என்றால் அட்டை கசங்கி, ஓரம் கிழிந்து, படிக்க மட்டும் தகுந்த பிரதி என்றே நடைமுறையில் கொள்ள வேண்டும். தரக் குறியீட்டை நம்பாமல் கேள்வி கேளுங்கள். எல்லாப் பக்கங்களும் எண்ணிப் பார்க்கப்பட்டனவா, எங்கேனும் வெட்டு உண்டா, அட்டை கம்பிப் பின்னில் பிடித்திருக்கிறதா, புகை அல்லது பூஞ்சை வாடை உண்டா என்ற நான்கு கேள்விகளுக்கும் எழுத்தில் பதில் கேட்டு வாங்கினால், பிரதி வேறுவிதமாக வந்து சேரும்போது திருப்பிக் கொடுக்க ஆதாரம் இருக்கும். “எண்ணிப் பார்க்கவில்லை” என்ற பதில் வந்தால் வெட்டு உண்டு என்றே எண்ணி விலை பேசுங்கள்.

ஒற்றை இதழாக வாங்குவதைவிட ஒரு கட்டாக வாங்குவது மலிவு. தபால் செலவும் பரவும். ஆனால் கட்டு வாங்கும்போது நம் எல்லைக்குள் வருவது பாதியாவது இருக்க வேண்டும். நூலகத் தொகுதிகளில் ஆறு மாத இதழ்கள் வரிசையாகக் கிடைக்கும் என்றாலும், பைண்டிங் செய்பவர் ஓரங்களைச் சீவியிருப்பார். அட்டையையும் விளம்பரப் பக்கங்களையும் நீக்கியிருப்பதும் உண்டு. வாசிப்புக்கு அவை அருமையானவை. முழுப் பிரதியின் இடத்தை அவை நிரப்பா. முதல் இதழ் போன்ற புகழ்பெற்றவற்றுக்குப் பிற்கால மறுபதிப்புகள் வந்திருக்கலாம் என்பதால், தாள் ஐயத்துக்கிடமான அளவு வெண்மையாக இருந்தாலோ, பின்கள் புதிதாக மின்னினாலோ, படங்களின் நுண்புள்ளிகள் கலங்கித் தெரிந்தாலோ பூதக்கண்ணாடியை எடுங்கள்.

அனுப்பும்போது இதழைச் சுருட்டவோ மடிக்கவோ கூடாது. இரு தடித்த அட்டைகளுக்கிடையே தட்டையாக வைத்து, ஈரம் புகாத உறையிட்டு அனுப்பச் சொல்லுங்கள். இதைச் சொல்லாமல் விட்டால் சுருட்டித்தான் வரும்.

வீட்டுக்கு வந்தபின்

புதிதாக வந்த பிரதியை உடனே சேகரிப்போடு சேர்க்காமல் இரண்டு, மூன்று வாரம் தனியே வையுங்கள். இராமபாணப் பூச்சியோ அதன் முட்டையோ இருந்தால் அதற்குள் தெரிந்துவிடும். பூச்சி இருப்பது உறுதியானால், இதழைப் பாலித்தீன் பையில் காற்றுப் புகாமல் மூடி, மைனஸ் 20 டிகிரி குளிர் தரும் உறைபெட்டியில் குறைந்தது ஒரு வாரம் வைத்தெடுக்கலாம். வெளியே எடுத்தபின் ஒரு நாள் முழுக்கப் பையைத் திறக்காமல் விட்டுவைத்தால்தான் நீர் தாளில் படியாது. அந்துருண்டையை நான் சிபாரிசு செய்வதில்லை. அதன் நாற்றம் தாளை விட்டுப் போகாது, மூடிய அறையில் அதைச் சுவாசிப்பதும் உடலுக்கு நல்லதன்று.

மேல்தூசியை மென்மையான தூரிகையால் முதுகிலிருந்து வெளிப்புறமாகத் துடைத்தால் போதும். கிழிசலுக்குச் செல்லோடேப் ஒட்டவே கூடாது. அதன் பசை சில ஆண்டுகளில் பழுப்பேறித் தாளுக்குள் ஊறி, பின் எதனாலும் நீங்காத கறையாகிவிடும். லேமினேஷன் அதைவிடப் பெரிய தீங்கு. கிழிசலைச் சரிசெய்தே தீர வேண்டும் என்றால் மெல்லிய ஜப்பானியத் தாளும் கோதுமை மாப்பசையும் பயன்படுத்துவது காகிதப் பாதுகாப்பாளர்கள் கைக்கொள்ளும் முறை. அதுவும் சாதாரணத் தாளுக்கு மட்டும். பூச்சுத்தாளில் பசையின் ஈரம் படத்தைக் கெடுத்துவிடும் என்பதால் அதைத் தொடாமல் விடுவதே மேல்.

அக்காலத்து மலிவுக் காகிதம் மரக்கூழால் ஆனது. அதில் எஞ்சிய லிக்னின் என்ற மரப்பொருளும், மை பரவாமல் இருக்கச் சேர்த்த படிகாரம் கலந்த பொருளும் நாளடைவில் அமிலமாகி நாரை ஒடிக்கின்றன. பழுப்பேறுவதும் மொடமொடவென்று நொறுங்குவதும் இதனால்தான். இதைத் தடுத்து நிறுத்த முடியாது, வேகத்தைக் குறைக்கலாம். வெப்பம் 20 டிகிரி செல்சியஸுக்கு அருகிலும், காற்றின் ஈரப்பதம் 30 முதல் 50 விழுக்காட்டுக்குள்ளும், இரண்டும் அதிகம் ஏறி இறங்காமலும் இருந்தால் நல்லது. மொட்டை மாடி அறை, பரண், தரைத்தளத்து ஈரச் சுவர் ஓரம் ஆகிய மூன்றும் ஆகாது. ஒவ்வோர் இதழையும் பாலியெஸ்டர் உறையில் இட்டு, பின்னால் அமிலமில்லாத தடித்த அட்டையைத் தாங்கலாக வைத்து, படுக்கை வசமாகப் பெட்டியில் அடுக்குங்கள்; பி.வி.சி. உறைகள் வாயுவைக் கசியவிட்டு அச்சைக் கெடுக்கும். ஓர் அடுக்கில் பதினைந்து இதழுக்கு மேல் ஏற்றினால் அடியில் உள்ளவற்றின் முதுகு நசுங்கும், வேண்டியதை உருவும்போது மேலே உள்ளவற்றின் அட்டை கிழியும். சுவரில் மாட்ட ஆசைப்பட்டால் வண்ண நகல் எடுத்து மாட்டுங்கள். வெயில் படும் அட்டையில் சிவப்பும் மஞ்சளும் சீக்கிரம் வெளிறிவிடும்.

பதிவேடு

முதல் இதழ் வந்த அன்றே ஒரு பதிவேட்டைத் தொடங்கிவிடுங்கள். நோட்டுப் புத்தகமாக இருந்தாலும் கணினி அட்டவணையாக இருந்தாலும் சரி. இதழின் பெயர், தேதி, தொகுதி எண், இதழ் எண், பக்கங்கள், பதிப்பு, அட்டை வரைந்தவர் அல்லது படமெடுத்தவர், வாங்கிய நாள், கொடுத்த விலை ஆகியவற்றோடு, குறைகளைத் தனிப் பத்தியில் பக்க எண்ணோடு எழுதுங்கள். “பக்கம் 37, கீழ் வலது மூலையில் கூப்பன் வெட்டு” என்று எழுதிவைத்தால், அதே தேதியில் மேலான பிரதி ஒன்று விற்பனைக்கு வரும்போது மாற்றிக்கொள்ளலாமா என்று ஒரு நிமிடத்தில் முடிவெடுக்கலாம். மாற்றியபின் பழைய பிரதியை விற்கும்போதோ கொடுக்கும்போதோ அந்தக் குறைப் பத்தியையும் நகலெடுத்து உள்ளே வைத்து அனுப்புங்கள். அடுத்து வாங்குபவர் மறுபடியும் பக்கம் எண்ண வேண்டியிருக்காது.